பாரம் எங்கே போகிறது?

(ஜமுனாமரத்தூரில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவில், மெக்கானிக்கல் இரண்டுக்கும் அடிப்படை என்ன என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். நீங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருக்கலாம், எலெக்ட்ரிக்கலில் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் முதலாண்டில் இந்த இரண்டையும் தொட்டுத்தான் போக வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் இரவு புரட்டிப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிற பாடம் என்று பலர் இதை நினைக்கிறார்கள். அப்படி நினைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இவ்வளவு வளைவுகளையும் தாண்டி மலை ஏறி வந்திருக்கிறேன்.

2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழியில் பொறியியல் வகுப்புகளைத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட பிரிவுகள் எவை? சிவிலும் மெக்கானிக்கலும்தான். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கினார்கள். அந்த வாசல் வழியாக வந்தவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். கதவு திறந்திருக்கிறது. உள்ளே போனபிறகு எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? ஒரே ஒரு கேள்வியைத் தருகிறேன். நான்கு ஆண்டும் அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரம் எங்கே போகிறது?

இவ்வளவுதான் கேள்வி. கூரையின் மேல் மழை விழுகிறது. அந்தப் பாரம் எங்கே போகிறது? பேருந்தில் அறுபது பேர் ஏறுகிறார்கள். அந்தப் பாரம் எங்கே போகிறது? மோட்டார் சுழல்கிறது, பெல்ட் இழுக்கிறது, தானியம் உடைகிறது. அந்த விசையெல்லாம் எங்கே போகிறது? எந்தப் பாரமும் காற்றில் கரைந்து போவதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி, கடைசியில் பூமியைப் போய்ச் சேர்கிறது. போகிற வழியை அசையாமல் அமைத்துக் கொடுப்பவர் சிவில் பொறியாளர். அசைந்துகொண்டே பாரம் தாங்கும் வழியை அமைப்பவர் மெக்கானிக்கல் பொறியாளர்.

இந்த மலையிலேயே தொடங்குவோம். குள்ளர் வீடு, குள்ளர் குகை என்று நீங்கள் சொல்லும் கல்திட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆடு மேய்க்கப் போனபோது அதற்குள் புகுந்து விளையாடியவர்களும் இங்கே இருக்கலாம். பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய சின்னங்கள் அவை. பக்கவாட்டில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றி வைத்திருக்கிறார்கள். சிமெண்டு கிடையாது, கம்பி கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கின்றன. எப்படி நிற்கின்றன?

கேள்வியைக் கேளுங்கள். பாரம் எங்கே போகிறது? மூடுகல்லின் எடை இரண்டு பக்கக் கற்களின் தலையில் இறங்குகிறது. பக்கக் கல் நசுங்கும் விசையைத் தாங்குகிறது. நசுக்குவதற்குக் கல் அஞ்சாது, நிறையவே தாங்கும். ஆனால் மேலே படுத்திருக்கும் கல்லுக்கு வேறு கதை. அதன் எடையே அதை நடுவில் கீழ்நோக்கி வளைக்கப் பார்க்கிறது. அப்படி வளையும்போது மேல்பரப்பு நெருக்கப்படுகிறது, அடிப்பரப்பு இழுக்கப்படுகிறது. இழுத்தால் கல் தாங்காது. நசுக்கும்போது தாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. ஆகவே மூடுகல் என்றாவது உடைந்தால் அடிப்பரப்பிலிருந்துதான் விரிசல் புறப்படும்.

இன்னொன்றும் சொல்கிறேன். கல்லின் கனத்தை மாற்றாமல் இரண்டு தாங்கலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் இரட்டிப்பாக்கினால், அடியில் உண்டாகும் இழுப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். திருவண்ணாமலைக் கோயிலில் ஆயிரங்கால் மண்டபம் பார்த்திருக்கிறீர்களே, அத்தனை தூண்கள் எதற்கு? அழகுக்கு என்று சொல்வோம். அழகும் உண்டு. ஆனால் கல்லால் உத்திரம் போட்டவன் தூண்களை நெருக்கித்தான் நட வேண்டும். தூரத் தூர நட்டால் உத்திரம் தன் எடையாலேயே முறிந்துவிடும். அந்தச் சிற்பிகள் இந்தக் கணக்கைத் தாளில் போடவில்லை, தூணுக்குத் தூண் விட்ட இடைவெளியில் போட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் பையில் இருக்கும் ஸ்கேலை எடுங்கள். எடுங்கள், வெட்கப்படாதீர்கள்! படுக்கை வசமாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளைகிறது. அதையே விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடித்து வளைத்துப் பாருங்கள். வளைய மறுக்கிறது. அகலம் 30 மில்லிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர் என்று கொண்டால், நிறுத்திப் பிடித்த ஸ்கேலின் விறைப்பு படுக்க வைத்ததைப்போல் 100 மடங்கு. அதே பிளாஸ்டிக், அதே எடை, ஒரு கிராம்கூடக் கூடவில்லை. பொருளை எந்தத் திசையில் வைக்கிறோம் என்பது மட்டும்தான் மாறியது. உத்திரம் ஏன் அகலத்தைவிட ஆழம் கூடுதலாக இருக்கிறது? ரயில் தண்டவாளத்துக்கு ஏன் அந்த வடிவம்? விடை உங்கள் கையில் இருக்கிறது.

கல்லுக்கு இழுவிசை ஆகாது, கான்கிரீட்டுக்கும் ஆகாது. அதனால்தான் கம்பி போடுகிறோம். கம்பியை எங்கே போடுவது? எங்கே இழுப்பு வருகிறதோ அங்கே. இரண்டு சுவர்களின் மேல் கிடக்கும் தளத்துக்கு அடிப்பக்கத்தில் வேண்டும். அப்படியானால் சன்ஷேடுக்கு? சன்ஷேடு ஒரு பக்கம்தான் சுவரோடு பிடித்திருக்கிறது, மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனி கீழே தொங்கப் பார்க்கிறது. அப்போது இழுபடுவது மேல்பரப்பு. ஆகவே முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும்.

மேஸ்திரிக்கு இது தெரியும். கம்பி கட்டுகிறவர் மேலேதான் கட்டுவார். ஆனால் நடப்பது என்ன தெரியுமா? கான்கிரீட் போடும் அவசரத்தில் அந்தக் கம்பியின் மேலேயே ஏறி நின்று சட்டியைக் கவிழ்க்கிறார்கள். கால் பட்டுக் கம்பி அமுங்கி அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மேலே கலவை மூடிவிடுகிறது. பூசிய பிறகு பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. எத்தனை கிலோ கம்பி வாங்கினோமோ அத்தனையும் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் பாரம் போகும் வழியில் இல்லை. முட்டு எடுத்த அன்றோ, அடுத்த மழைக்கோ, சுவரை ஒட்டிய இடத்தில் மேலே விரிசல் விடும். கம்பி அமுங்காதபடி அடியில் முட்டுக்கம்பி கொடுத்துத் தூக்கி நிறுத்துவதற்குச் செலவு மிகக் குறைவு. அதைச் செய்தார்களா என்று கலவை விழும் முன்பு நின்று பார்ப்பதுதான் பொறியாளரின் வேலை. தங்கைகளே, தம்பிகளே, உங்களில் யார் யார் கட்டட வேலைக்கு விடுமுறையில் போயிருக்கிறீர்களோ, அவர்களுக்கு நான் சொல்வது இப்போதே கண்முன் தெரியும். அந்த அனுபவத்தைக் கல்லூரியில் மறைக்காதீர்கள். நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத பாடம் அது.

அடுத்து, தண்ணீருக்கு வருவோம். போளூரிலிருந்து வந்தாலும், ஆலங்காயத்திலிருந்து வந்தாலும், அமிர்தி வழியாக வந்தாலும் மலைப்பாதையின் ஓரத்தில் தாங்குசுவர்களைப் பார்க்கலாம். அந்தச் சுவர்களில் வரிசையாகச் சிறு குழாய்த் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். எதற்கு அவை? தொழிலில் வீப் ஹோல் என்பார்கள். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேற விட்ட வழி.

அந்தச் சிறு துளைக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் அது நாலரை டன் விசையோடு தள்ளுகிறது. உயரம் 6 மீட்டரானால்? ஒன்பது டன் என்றுதான் மனம் சொல்லும். இல்லை, 18 டன். ஆழம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. சுவரைக் கவிழ்க்கும் திறனோ எட்டு மடங்கு. காய்ந்த மண் தள்ளுவதைவிட, அதே மண் முழுக்க நீர் நிறைந்து நிற்கும்போது இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளும். சுவரைக் கட்டியவர் காய்ந்த மண்ணுக்குக் கணக்குப் போட்டிருப்பார். தண்ணீர் வெளியேறிவிடும் என்று நம்பி அந்தத் துளைகளை விட்டிருப்பார். அந்தத் துளையில் ஒரு பாலித்தீன் பை அடைத்துக்கொண்டால் அவர் போட்ட கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

2024 டிசம்பர் முதல் வாரத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவு இறங்கி ஏழு உயிர்கள் போயின. டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. எடையாகச் சொன்னால், ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 4,750 டன். அந்த வெள்ளத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே கட்டிய உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்த பாலம். மூன்று மாதம்தான் நின்றது.

யார் மேல் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் முதலாண்டு மாணவர் ஒருவர் அந்தச் செய்தியைப் படித்தால் என்ன கேட்க வேண்டும்? பாரம் எங்கே போனது? பாலத்தின் மேல் போகும் லாரியின் எடை தூண் வழியாக அடித்தளத்துக்கு இறங்குகிறது. சரி. வெள்ளத்தின் எடை? ஓடும் தண்ணீர் தூணைத் தள்ளுகிறது. வேகம் இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்கு. அதோடு முடியவில்லை. தூணில் மோதிய தண்ணீர் கீழ்நோக்கித் திரும்பிச் சுழன்று, தூணடி மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகிறது. மேலே பார்த்தால் பாலம் நிற்கும். கீழே அது நிற்கிற மண் போயிருக்கும். உலகமெங்கும் ஆற்றுப் பாலங்கள் விழுந்ததற்குப் பெரும்பாலும் இந்த அரிப்புதான் காரணம். எவ்வளவு வெள்ளம் வரும் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? அந்த வெள்ளத்தில் மணல் எவ்வளவு ஆழம் அரிக்கும்? அடித்தளம் அதற்கும் கீழே போயிருக்கிறதா? பாலம் பார்க்கப் போனால் முதலில் மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள்.

இதுவரை அசையாத பொருள்களைப் பார்த்தோம். இனி அசைகிறவை.

2022 ஏப்ரலில் புலியூரிலிருந்து செம்பரை மலைக் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் உருண்டு பதினொரு பேர் இறந்தார்கள். உங்கள் உறவினர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். அந்த இழப்பைப் பாடமாக்கிப் பேசுவதற்கு எனக்கு மனம் கூசுகிறது. ஆனாலும் மலையில் பிறந்து மெக்கானிக்கல் படிக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது. ஆள்களோடு சேர்த்து 3 டன் எடையுள்ள ஒரு வேன், 10 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் பாதையில் நிற்கிறது. அதன் எடை எங்கே போகிறது? பெரும்பகுதி சக்கரம் வழியாகச் சாலைக்குள் போகிறது. 300 கிலோ மட்டும் அதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. சரிவு இன்னும் செங்குத்தாக, 6 மீட்டருக்கு 1 மீட்டர் என்றானால் 500 கிலோ. எஞ்சின் இதை வென்று ஏற வேண்டும். ஓட்டுநர் முதல் கியருக்கு ஏன் மாற்றுகிறார்? எஞ்சினின் பலத்தை அவர் கூட்டவில்லை. வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குகிறார். கியர் பெட்டி முழுவதும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பொறியியல் அதிகம் வேண்டும். 10 டன் எடையுள்ள பேருந்து 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே இருந்தபோது அதற்குள் இருந்த ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். எவ்வளவு ஆற்றல்? மின்சாரக் கணக்கில் சொன்னால் 13 யூனிட்டுக்கு மேல். சுமார் 150 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே இறங்கினால் இவ்வளவு வெப்பமும் பிரேக் டிரம்மிலும் லைனிங்கிலும்தான் ஏறும். சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கும். மிதி அமுங்கும், வண்டி நிற்காது. அதனால்தான் மலைப்பாதை ஓட்டுநர்கள் ஏறின கியரிலேயே இறங்கு என்று சொல்கிறார்கள். எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தும் முறை அது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்களைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுத்து நிறுத்துங்கள். காரணத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். சொல்கிற தகுதி உங்களுக்கு வந்துவிட்டது.

மெக்கானிக்கல் என்றால் வண்டி மட்டுமா? இல்லை. இந்த மலையின் சாமைக்கு வருவோம்.

சாமை சின்னஞ்சிறு தானியம். உமி அதை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். உங்கள் அம்மாக்களும் பாட்டிகளும் உரலில் போட்டு இடித்து, முறத்தில் புடைத்து, மறுபடி இடித்து அரிசியாக்கினார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும், தோள் எவ்வளவு வலித்திருக்கும் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் சொல்ல வேண்டும். இப்போது அந்த வேலைக்கு இயந்திரம் வந்துவிட்டது. அதன் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்போம்.

மேலே தொட்டியிலிருந்து சாமை மெல்ல இறங்குகிறது. நடுவில் வேகமாகச் சுழலும் தட்டில் விழுகிறது. தட்டு அதை விளிம்புக்கு வீசுகிறது. தானியம் பறந்துபோய்ச் சுற்றியிருக்கும் வளையத்தில் மோதுகிறது. மோதிய அதிர்ச்சியில் உமி வெடித்து விலகுகிறது. பக்கத்தில் இருக்கும் காற்றாடி லேசான உமியை இழுத்துக்கொள்ள, கனமான அரிசி கீழே இறங்குகிறது. பாட்டி உலக்கையால் செய்ததை இங்கே மோதல் செய்கிறது. முறத்தால் செய்ததைக் காற்று செய்கிறது.

எல்லாம் வேகத்தில் இருக்கிறது. வேகம் குறைந்தால் உமி போகாது. கூடினால் அரிசி நொய்யாகிவிடும். வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? மோட்டாரா? நம் ஊரில் கிடைக்கும் சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்றுச் சுற்றும். அதில் 6 அங்குலப் புல்லி, இயந்திரத்தில் 3 அங்குலப் புல்லி என்றால் தட்டு 2880 சுற்றுச் சுற்றும். மோட்டார் புல்லி தேய்ந்துபோயிற்று, கடையில் 6 அங்குலம் இல்லை, 7 அங்குலம்தான் இருந்தது, அதையே மாட்டிவிட்டோம் என்று வையுங்கள். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். தட்டு இப்போது 3360 சுற்றுச் சுற்றுகிறது. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுமாதலால் 36 விழுக்காடு கூடிவிடுகிறது. இயந்திரம் ஓடும், சத்தமும் வழக்கம்போலத்தான் இருக்கும். ஆனால் சாக்கில் நொய் கூடும். விலை இறங்கும். அந்தப் பெண்கள் ஒரு பருவம் முழுவதும் உழைத்ததில் ஒரு பங்கு அந்த ஓர் அங்குலத்தில் போய்விடும். சாமை மட்டம் என்று சொல்லுவார்கள், காய்ச்சல் போதவில்லை என்பார்கள், புல்லியை யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்கள் பாருங்கள். கையில் ஒரு டேப் இருந்தால் போதும்.

இயந்திரம் அதிர்கிறதா? தட்டின் ஒரு பக்கம் அழுக்குப் படிந்து எடை ஏறியிருக்கலாம். பேரிங் பக்கத்தில் கை வைத்தால் பொறுக்க முடியாத சூடா? கிரீஸ் வற்றியிருக்கலாம், பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். இங்கேயும் அதே கேள்விதான். பாரம் எங்கே போகிறது? தானியம் தட்டைத் தள்ளுகிறது, தட்டு ஷாஃப்ட்டைத் தள்ளுகிறது, ஷாஃப்ட் பேரிங்கின் மேல் உட்கார்கிறது, பேரிங் சட்டத்தின் மேல், சட்டம் அடியிலுள்ள போல்ட்டின் மேல், போல்ட் கான்கிரீட் மேடையில், மேடை மண்ணில். சுழலும் பாகத்தில் தொடங்கி எங்கே வந்து முடிந்தோம், பார்த்தீர்களா? மெக்கானிக்கல் தொடங்கிய கணக்கைச் சிவில் முடித்து வைக்கிறது. இரண்டும் ஒரே பாடப் புத்தகத்தில் ஏன் இருக்கின்றன என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டும் ஒன்றாகக் கைகோத்து நிற்கும் மாபெரும் சான்று உங்கள் மலையிலேயே இருக்கிறது. ஆலங்காயம் பக்கம், காவலூரில். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள வானாய்வகம். 1960களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. பிறகு வேணு பாப்பு என்ற மேதை, 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்வோம் என்று துணிந்தார். கண்ணாடியைப் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக் கூடத்தில் தேய்த்து மெருகேற்றினார்கள். இரும்பு வேலையை மகாராஷ்டிரத்தில் வால்சந்த்நகர் தொழிற்சாலையில் செய்தார்கள். அது முடியும் முன்பே, 1982இல் அவர் மறைந்துவிட்டார். 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார். அதற்கு வேணு பாப்பு தொலைநோக்கி என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

பொறியாளரின் கண்ணோடு அதைப் பார்ப்போம். விண்மீன் வானத்தில் நகர்வதாகத் தெரிகிறது. உண்மையில் சுழல்வது பூமி, மணிக்கு 15 பாகை வீதம். ஒரு விண்மீனையே விடாமல் பார்க்க வேண்டுமானால், தொலைநோக்கி அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழல வேண்டும். அதற்கு அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். காவலூர் இருப்பது வடக்கே பன்னிரண்டரைப் பாகையில். ஆகவே அச்சு தரையிலிருந்து வெறும் பன்னிரண்டரைப் பாகைதான் தூக்கியிருக்கிறது. ஏறக்குறையப் படுத்தே கிடக்கும் அச்சு! அதன் மேல் எத்தனையோ டன் எடை. அந்தப் பாரம் எங்கே போகிறது? தெற்கு முனை ஒரு தாங்கியில், வடக்கு முனை மற்றொரு தாங்கியில். இரண்டு பக்கமும் பிடித்தால் வலுவாக நிற்கும். ஆனால் வடக்கே ஒரு பெரிய தாங்கி வந்து நின்றால் துருவ விண்மீன் பக்கம் பார்வை மறைந்துவிடுமே, என்ன செய்வது? வடக்குத் தாங்கியைக் குதிரை லாடத்தின் வடிவில் செய்தார்கள். பாரமும் இறங்கும், நடுவில் திறப்பின் வழியாகத் துருவமும் தெரியும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள இடங்களுக்கு இந்த வடிவம் மிகப் பொருத்தமானது. அந்த லாடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். பொறியியலில் அழகு என்றால் அதுதான்.

இன்னொரு சிக்கல். இவ்வளவு பெரிய சட்டம் சாயும்போது தன் எடையால் வளையும். வளையாத இரும்பு உலகில் கிடையாது. கண்ணாடியின் பரப்போ ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்.  சட்டத்தின் வளைவை எப்படிச் சமாளிப்பது? அமெரிக்காவில் 200 அங்குலத் தொலைநோக்கிக்காக மார்க் செரூரியே என்ற பொறியாளர் 1930களில் ஒரு வழி சொன்னார். வளைவதைத் தடுக்கப் பார்க்காதே. மேல் முனையும் கீழ் முனையும் ஒரே அளவு, ஒன்றுக்கொன்று இணையாக வளையும்படி சட்டத்தை அமை. இரண்டும் சேர்ந்து இறங்கினால் இரு முனைகளிலும் உள்ள கண்ணாடிகள் ஒரே நேர்கோட்டில்தானே இருக்கும்! இன்றும் பெரிய தொலைநோக்கிகளில் இந்த யோசனையைக் கையாள்கிறார்கள்.

அங்கே சிவில்காரர் என்ன செய்கிறார்? இத்தகைய கூடங்களில் தொலைநோக்கியைத் தாங்கும் தூணைக் கட்டடத்தோடு ஒட்டவிடாமல், தனி அடித்தளத்தில் எழுப்புகிறார்கள். கூரை திரும்பும், ஆள் நடப்பார், காற்று சுவரில் மோதும். அந்த அதிர்வு எதுவும் தூணுக்குள் போகக் கூடாது. எல்லாக் கட்டடத்திலும் பாரம் எங்கே போகவேண்டும் என்று கேட்கிறோம், இங்கே எங்கே போகக் கூடாது என்றும் கேட்கிறோம். வாய்ப்புக் கிடைத்தால் காவலூருக்குப் போய்வாருங்கள். விண்மீனைப் பாருங்கள், அதற்கு முன்பு அடித்தூணைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். உங்களால் மட்டுமே முடிகிற வேலை. ஓடையின் குறுக்கே பாலம் கட்ட வருகிற பொறியாளர் முதலில் தேடுவது என்ன தெரியுமா? இதுவரை வந்ததிலேயே பெரிய வெள்ளம் எந்த உயரம் வரை ஏறியது என்பதை. ஆற்றில் அளவீடு இருந்தால் ஏட்டில் பார்ப்பார். மலையோடைகளில் பலவற்றுக்கு ஏடு ஏது? அப்போது ஊருக்குள் வந்து பெரியவர்களைத்தான் கேட்பார். அவர் வருகிற நாளில் அந்தப் பெரியவர் இருப்பாரா என்று யார் சொல்ல முடியும்?

தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? அப்போது பாட்டனிடம் கேளுங்கள். எந்த ஆண்டு மழையில் ஓடை எந்தப் பாறை வரை வந்தது, எந்தப் புளியமரத்தின் எந்தக் கிளையில் சருகு மாட்டிக்கொண்டிருந்தது, எந்தச் சரிவு ஐப்பசி மழையில் திரும்பத் திரும்ப இறங்குகிறது என்று கேளுங்கள். அவரையே அந்த இடத்துக்கு அழைத்துப் போங்கள். அவர் கை காட்டும் உயரத்தை ஓடைப் படுகையிலிருந்து டேப் வைத்து அளந்து, நோட்டில் எழுதுங்கள். ஆண்டு, மாதம், சொன்னவர் பெயர், அளந்த தேதி, எல்லாம் எழுதுங்கள். அந்த இடத்தில் ஓடையின் அகலத்தையும் அளந்து, ஒரு குறுக்குவெட்டுப் படம் போடுங்கள். இன்னொருவரிடமும் கேட்டு, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். முதலாண்டு வரைபட வகுப்பில் கற்றது அதற்குப் போதும். நோட்டின் ஒரு படியை உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள், ஒரு படியைக் கல்லூரி ஆசிரியரிடம் கொடுங்கள். உங்கள் ஊருக்குப் பாலம் வரும்போது அந்தக் குறுக்குவெட்டுப் படத்திலிருந்துதான் கணக்கு தொடங்கும்.